வனக் கல்விக்கு வித்திட்ட பெரியார் பிராண்டிஸ்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கே மகியங்கனை நோக்கிச் செல்லும் பெருவீதியில் குண்டசாலையைக் கடந்தால் திகன வந்துவிடும். அங்கிருந்து ஒருபுறம் நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் சூழ நிற்கும். மறுபுறம், மகாவலி கங்கையை மறித்து 1985ஆம் ஆண்டில் நிறைவுற்ற விக்டோரியா நீர்த்தேக்கம் பரந்து கிடக்கும். 122 மீற்றர் உயரமுள்ள அந்த அணையின் பின்னே தேங்கும் நீர் முதலில் மின்சாரமாகிறது. பின்னர் கீழ்நாட்டு வயல்களுக்கு உயிராகிறது. அந்நீருக்காகவே பழைய தெல்தெனியப் பட்டினம் நீரில் மூழ்கியது. ஓர் ஊரை விட்டுக் கொடுத்துச் சேர்த்த நீரை, வண்டல் மண் வந்து தூர்த்துவிடாமல் காப்பது எது? மேலேயுள்ள சரிவுகளில் நிற்கும் மரமும், மரத்தின் கீழ் வளரும் செடியும், அவற்றின் வேருமேயாம். மரம் நின்றால் மண் நிற்கும். மண் நின்றால் நீர் தெளியும்.

இவ்வுண்மையை நம் கிராமத்துப் பாட்டியும் அறிவாள். ஆயினும் எந்த மரத்தை எப்பொழுது வெட்டலாம், எத்தனை வெட்டலாம், வெட்டிய இடத்தில் எதை நடலாம், அக்காட்டை நம்பி வாழும் மக்களுக்கு என்ன வழி என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு அறிவது தனியொரு வித்தை. வைத்தியம், சட்டம், பொறியியல் என்பனவே உயர்கல்வி எனக் கருதிப் பழகிவிட்ட நம் குடும்பங்களிலே, காட்டைப் படிப்பதற்கும் சர்வகலாசாலைக்குப் போக வேண்டுமா என்ற வினா இன்றும் எழுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியாரின் வாழ்க்கையை நம் சங்கத்து இளைஞர்முன் வைக்க விரும்புகின்றோம். ஆசியாவின் இப்பகுதியில் வனவியலைக் கல்வியாகவும் தொழிலாகவும் நிலைநாட்டியவர்களுள் முதல்வர் எனப் போற்றப்படும் சேர் டீற்றிச் பிராண்டிஸ் என்பவரே அப்பெரியார்.

இளமையும் கல்வியும்

பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் திகதி யேர்மனி நாட்டில் ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரிலே பிறந்தார். தந்தையார் கிறிஸ்தியன் ஆகஸ்ட் பிராண்டிஸ், அந்நகரச் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியர்; பண்டைக் கிரேக்க ஞானிகளின் நூல்களைத் துறைபோகக் கற்றவர். கிரேக்க நாட்டின் இளம் அரசராகிய ஒத்தோவுக்குத் துணைநிற்கும்படி அழைக்கப்பட்டு அவர் அதென்ஸ் நகர் சென்றபொழுது, சிறுவன் டீற்றிச்சும் உடன் சென்றான். கிரேக்க நாட்டின் வறண்ட குன்றுகளில் செடிகொடிகளைத் தேடித் திரிந்த அக்காலத்தில் தாவர நூலில் உண்டான பற்று, அவர் உயிருள்ளவரை நீங்கவில்லை.

பின்னர் கொப்பன்ஹேகன், கொட்டிங்கன், பான் ஆகிய நகரங்களின் சர்வகலாசாலைகளிலே தாவரவியல் பயின்றார். 1849ஆம் ஆண்டு முதல் பான் சர்வகலாசாலையிலேயே அத்துறையில் விரிவுரையாளராக அமர்ந்தார். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் வனவியல் கற்றவரல்லர், தாவரவியல் கற்றவர். நூலறிவோடு காட்டுக்குள் நுழைந்து, அங்கே வேண்டிய வித்தையை அங்கேயே கற்றுத் தேர்ந்தவர் அவர். அவ்வாறு தாம் பட்ட சிரமம் பின்வருவோர்க்கு வேண்டாம் என்றெண்ணினார் போலும். வாழ்வின் பெரும்பகுதியை வனக்கல்விக்குச் சாலை அமைப்பதிலேயே செலவிட்டார்.

அவருடைய வாழ்வைக் கிழக்குத் திசைக்குத் திருப்பியது ஒரு திருமணம். வங்காளத்துச் சீராம்பூரில் கல்வித் தொண்டும் அச்சுத் தொண்டும் புரிந்த யோசுவா மார்ஷ்மனின் மகள் றேச்சல் என்பாரை 1854இல் அவர் மணந்தார். றேச்சலின் சகோதரியை மணந்திருந்தவர் படைத்தலைவர் ஹவலொக். இந்த உறவின் வழியாகப் பான் நகரத்து இளம் விரிவுரையாளரின் பெயர், இந்தியாவின் மகாதேசாதிபதியாக இருந்த டல்ஹௌசி பிரபுவின் செவிக்கு எட்டிற்று.

பர்மாவின் தேக்கங்காடு

அக்காலத்தில் பிரித்தானியருக்குத் தேக்கு மரம் பெருந்தேவையாக இருந்தது. அவர்தம் நாட்டு ஓக் மரங்கள் குறைந்துவிட்டன. கப்பல் கட்டத் தேக்கே உற்றது. இந்தியாவில் புகையிரதப் பாதைகள் இடப்படத் தொடங்கியதும் தண்டவாளத்தின் கீழ் இடும் சிலிப்பர் கட்டைகளுக்காகக் காடு காடாக மரம் வெட்டப்பட்டது. இன்று மியன்மார் எனப்படும் பர்மாவின் தெனாசரிம் பகுதியில், வியாபாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட தேக்கங்காடுகள் சில பத்தாண்டுகளுள் சீர்குலைந்தன. 1852இல் பேகு மாகாணம் பிரித்தானியர் கைக்கு வந்தபொழுது, இங்கும் அதே கதி நேருமோ என்ற அச்சம் எழுந்தது. 1855இல் டல்ஹௌசி பிரபு காடுகளைப் பற்றிய அரசாங்கக் கொள்கையை வகுத்து வெளியிட்டார். அக்கொள்கையைச் செயலாக்க 1856ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேகுக் காடுகளின் மேற்பார்வையாளராக வந்து சேர்ந்தவரே பிராண்டிஸ்.

வந்தவருக்கு முன்னே நின்ற முதல் வினா மிக எளியது. ஆனால் எவராலும் விடை கூற முடியாதது. இக்காட்டில் எத்தனை தேக்கு மரங்கள் உள்ளன என்பதே அவ்வினா.

படமில்லை, கணக்கில்லை, பாதையில்லை. யானை மீதேறிக் காட்டுக்குள் நேர்கோடு பிடித்ததுபோல் அவர் சென்றார். ஒரு கையில் மூங்கிற் துண்டுகள். மறு கையில் பேனாக்கத்தி. தேக்கு மரங்களைப் பருமனுக்கேற்ப நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொண்டார். 6 அடியும் அதற்கு மேலும் சுற்றளவுள்ளவை முதல் வகுப்பு. மற்றவை படிப்படியாகக் கீழ் வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மூங்கிற் துண்டு. வழியின் இருமருங்கிலும் கண்ணுக்குத் தென்படும் ஒவ்வொரு மரத்துக்கும் உரிய துண்டில் ஒரு வெட்டு வைப்பார். மழையில் தாள் நனைந்து கிழியும், மை கலங்கும். மூங்கிலில் வைத்த வெட்டு அழியாது. மாலையில் கூடாரம் சேர்ந்ததும் அவற்றை எண்ணிக் கணக்கேட்டில் பதிவார். இவ்வாறு மாதக்கணக்காகத் திரிந்து, தாம் கடந்த நிலக்கீற்றுகளில் உள்ள மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு முழுக் காட்டின் இருப்பையும் மதிப்பிட்டார். ஒரு பிடி சோறு பார்த்துப் பானைச் சோற்றை அறியும் நம் வீட்டு முறையே அது. இன்று வனவியல் மாணாக்கர் முதலாம் ஆண்டிலேயே கற்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் முன்னோடிகளுள் ஒன்று அந்த யானைமேற் கணக்கு.

இருப்பை அறிந்தபின் அடுத்த வினா எழுந்தது. ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம்? இதற்கு அவர் கொண்ட நெறியை நமக்குப் பழக்கமான உவமையால் விளக்கலாம். ஒருவரிடம் முற்றிய மரங்கள் 100 உள்ள தோப்பு இருப்பதாகக் கொள்வோம். அடுத்த வகுப்பிலுள்ள இளமரம் முற்றுவதற்கு 25 ஆண்டு வேண்டுமென்றும், அவ்விளமரங்களும் போதிய அளவு உண்டென்றும் கொள்வோம். அவர் ஆண்டுக்கு 4 மரம் வீதம் வெட்டினால், 25 ஆண்டுகள் கழியும்பொழுது பழைய மரங்கள் முடிந்திருக்கும். புதியவை முற்றி நிற்கும். தோப்பு என்றும் தோப்பாகவே இருக்கும். ஆண்டுக்கு 10 வெட்டினாலோ, பத்தே ஆண்டில் வெறுங்கை. வட்டியை உண்டு முதலைக் காப்பதுதான் இதன் சாரம். வியாபாரத்தில் சிறு பிள்ளையும் அறியும் இந்நெறியைக் காட்டுக்குப் பொருத்த வேண்டுமானால், மரம் எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனை அளந்தறிவதே வனவியலின் அடிப்படை வேலை.

முதல் வகுப்பு மரங்களை மட்டுமே, அதுவும் கணக்கிட்ட தொகைக்குள்ளேயே, வெட்டலாம் என்று அவர் விதி செய்தார். பச்சைத் தேக்கு நீரில் அமிழும். ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் உலரவிட்ட பின்னரே வீழ்த்தி ஆற்றில் மிதக்கவிடுவது அந்நாட்டு வழக்கம். எந்த மரத்தை அவ்வாறு உலரவிடுவது என்பதை வன உத்தியோகத்தரே தெரிந்து குறியிட வேண்டுமென்று அவர் ஏற்படுத்தினார். கட்டுப்பாடின்றி வெட்டி வந்த வியாபாரிகள் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய எதிர்ப்பைப் பல ஆண்டுகள் அவர் தாங்க வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த ஆயுதம் மூங்கிற் கணக்கு ஒன்றே. கணக்கைக் கொண்டு வாதிடுபவனை ஆரவாரத்தால் வெல்லல் அரிது.

மலைக்குடிகளிடம் கற்ற பாடம்

பர்மாவின் மலைகளில் கரேன் இன மக்கள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைப்பர். ஓரிரு ஆண்டுகளின் பின் வேறிடம் பெயர்வர். நம் நாட்டில் சேனைப் பயிர்ச்செய்கை எனப்படுவதும் இதுவே. பர்மிய மொழியில் இதற்குத் தௌங்யா என்று பெயர். காடு காக்க வந்த உத்தியோகத்தர் பலர் இம்மக்களைப் பகைவராகவே கருதினர். பிராண்டிஸ் வேறு வழி கண்டார். நெல் விதைக்கும்பொழுதே இடையிடையே தேக்கங்கன்றையும் நட்டுப் பராமரிக்கும்படி மலைக்குடிகளைத் தூண்டி, பிழைத்து நிற்கும் கன்றுகளுக்குக் கூலியும் கொடுக்கச் செய்தார். குடியானவன் நெல்லை அறுத்துக்கொண்டு இடம்பெயரும்பொழுது அவன் விட்டுச் செல்வது சாம்பல் மேடன்று. வரிசையாக நிற்கும் தேக்கங்கன்று.

காட்டை அழிப்பதாகக் குற்றஞ் சாட்டப்பட்டவனையே காடு வளர்ப்பவனாக்கிய இம்முறை, தௌங்யா என்ற பெயராலேயே உலகெங்கும் பரவிற்று. நம் இலங்கையிலும் 20ஆம் நூற்றாண்டில் வரண்ட பிரதேசத்தின் தேக்கந்தோட்டங்கள் பல, சேனைக்காரரின் துணையோடு இம்முறையிலேயே உண்டாக்கப்பட்டன.

வன அதிபதியும் வனப் பாடசாலையும்

பிராண்டிஸின் திறமை பர்மாவோடு நிற்கவில்லை. 1862இல் இந்திய அரசாங்கம் அவரை அழைத்து நாடு முழுவதற்கும் வன பரிபாலனத்தை அமைக்கும் பொறுப்பில் ஈடுபடுத்திற்று. 1864இல் இந்தியாவின் முதல் வன மாஅதிபதி என்ற பதவியை ஏற்றார். இதற்கிடையில் 1863இல் மனைவியார் றேச்சல் காலமானார். அத்துயரையும் தாங்கிக்கொண்டே இமயச் சாரல் முதல் மத்திய இந்தியா வரை காடு காடாகச் சென்று பார்த்தார். பின்னர் 1867இல் கத்தரீனா ஹாசே என்ற மாதை மணந்தார்.

இங்கே மற்றொருவரையும் நன்றியுடன் நினைத்தல் தகும். பிராண்டிஸ் பர்மாவுக்கு வந்த அதே 1856இல் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக நியமனம் பெற்றவர் வைத்தியர் ஹியூ கிளெக்கோர்ன். சென்னையிலே பிறந்து எடின்பரோவில் வைத்தியங் கற்ற அவருடைய பாட்டனார், பிரித்தானியர் காலத்து இலங்கையின் முதற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக விளங்கியவர். பிராண்டிஸ் விடுப்பில் ஐரோப்பா சென்றிருந்தபொழுது அவருக்குப் பதிலாக மாஅதிபதிக் கடமை பார்த்தவரும் கிளெக்கோர்னே. தென்னிந்தியக் காடுகளின் பாதுகாப்பு அவரிடமிருந்தே தொடங்குகிறது.

பதவி கிடைத்ததும் பிராண்டிஸ் கண்ட பெருங்குறை, பயிற்சி பெற்ற ஆளில்லை என்பதாகும். படைவீரரும் வைத்தியரும் வேட்டைப் பிரியருமே அன்று வன உத்தியோகத்தராக இருந்தனர். ஆட்சி செய்த இங்கிலாந்திலோ வனவியல் கற்பிக்கும் கலாசாலை ஒன்றேனும் அன்று இருக்கவில்லை. பிரான்சு நாட்டின் நான்சி நகர வனப் பாடசாலை, பிராண்டிஸ் பிறந்த அதே 1824ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. யேர்மனியிலும் அத்தகைய கலாசாலைகள் இருந்தன. 1866இல் விடுப்பிற் சென்றிருந்த காலத்தில், இந்தியாவுக்கென இங்கிலாந்தில் தெரிவு செய்யப்படும் இளைஞரைப் பிரான்சிலும் யேர்மனியிலும் பயிற்றுவிக்க அவர் ஒழுங்கு செய்தார். யேர்மனியிலிருந்து ஷ்லிச், ரிப்பன்றொப் என்னும் இரு வன அறிஞரையும் அழைத்து வந்தார். அவருக்குப்பின் மாஅதிபதிப் பதவியை ஒருவர்பின் ஒருவராக வகித்தோர் இவ்விருவருமே.

ஆயினும் கடல் கடந்து கற்று வரும் சிலரால் ஒரு துணைக்கண்டத்தின் காடுகளைக் காத்தல் இயலுமா? இந்நாட்டு இளைஞர் இந்நாட்டிலேயே இக்கல்வியைப் பெற வேண்டும் என்று அவர் கருதினார். அதன் விளைவே 1878இல் இமயத்தின் அடிவாரத்தில் டெஹ்ராடூன் நகரிலே எழுந்த வனப் பாடசாலை. மழைக்காலத்தில் வகுப்பறைப் பாடம். மற்ற மாதங்களில் காட்டுக்குள் கூடாரமடித்து நேர்முகப் பயிற்சி. தாவரவியல், மண்ணியல், நில அளவை, கணிதம், வனச் சட்டம் யாவும் அங்கே ஒன்று சேர்ந்தன. 1906இல் அதே நகரில் வன ஆராய்ச்சி நிலையமும் தோன்றிற்று. பிற்காலத்தில் நம் இலங்கையின் வன உத்தியோகத்தரும் டெஹ்ராடூன் சென்று பயின்று திரும்பினர்.

சட்டமும் சனங்களும்

காட்டைக் காப்பது என்றவுடன் மற்றொரு வினா எழுகின்றது. காடு யாருடையது? விறகும் புல்லும் தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்த கிராமத்தவரின் உரிமை என்னாவது? பிராண்டிஸின் வாழ்விலேயே மிகக் கடினமான சோதனை இதுவாகும்.

1865இல் இயற்றப்பட்ட முதல் இந்திய வனச் சட்டம் போதாதென்று கண்ட அரசாங்கம், விரிவான புதிய சட்டமொன்றை ஆக்க முற்பட்டது. பயிரிடப்படாத நிலமெல்லாம் அரசுக்கே சொந்தம். மக்கள் நெடுங்காலம் காட்டைப் பயன்படுத்தி வந்தது அரசு காட்டிய சலுகையேயன்றி உரிமையாகாது என்று பேடன் பவல் முதலியோர் வாதித்தனர். சென்னை அரசாங்கமோ, காடுகளில் கிராமத்தாருக்குள்ள உரிமை உண்மையான உரிமையே என்று நின்றது. பிராண்டிஸ் நடுவழியை நாடினார். நாட்டுக்கு இன்றியமையாத முக்கிய காடுகளை மட்டும் அரசு நேராகப் பரிபாலிக்கட்டும். மற்றவற்றைக் கிராமக் காடுகளாக மக்களே பேணட்டும் என்பது அவர் கருத்து. ஐரோப்பாவிலே கிராமச் சமுதாயங்கள் தமக்குரிய காடுகளைத் தலைமுறை தலைமுறையாகச் செம்மையாக நடத்துவதை அவர் கண்டிருந்தார். இந்தியக் கிராமங்களாலும் அது இயலும் என்று நம்பினார்.

1878இல் நிறைவேறிய சட்டம் பெரும்பாலும் பேடன் பவல் பக்கமே சாய்ந்தது. கிராமக் காடுகள் பற்றிய ஏற்பாடு ஏட்டில் இடம்பெற்றதேயன்றி நடைமுறையில் அரிதாகவே கையாளப்பட்டது. இதனால் தலைமுறைகளாகக் காட்டைத் தமதென்று கருதிய மக்கள் காட்டுக்கு அந்நியராயினர். தமக்குச் சொந்தமல்லாத ஒன்றை எவர் காப்பார்? இதன் கசப்பு இந்தியாவில் நெடுங்காலம் நீடித்தது.

சென்னை மாகாணம் அச்சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே 1881இல் பிராண்டிஸ் அங்கு அனுப்பப்பட்டார். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களையும் மலைகளையும் நேரிற் சென்று பார்த்து ஆலோசனை கூறினார். அங்கு காட்டின் முதற்பயன் விலையுயர்ந்த மரமன்று, குடியானவனுக்கு வேண்டிய விறகும் தழையுரமும் மாட்டுக்குத் தீனியும் நீர்ப்பாதுகாப்புமே என்று கண்டார். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் அப்பணியின் பயனாய் எழுந்தது. அவருடைய விரிவான அறிக்கை 1883இல் வெளிவந்தது.

உண்மையை மறைத்தல் நன்றன்று. பிராண்டிஸ் ஒரு பேரரசின் ஊழியர். அவர் காத்த தேக்கு அப்பேரரசின் கப்பலுக்கும் புகையிரதப் பாதைக்கும் போயிற்று. அவர் அமைத்த இலாகாவே பின்னர் ஏழைக் கிராமத்தவரைத் துன்புறுத்தியதும் உண்டு. ஆயினும் மக்களை விலக்கிவிட்டுக் காட்டைக் காக்க இயலாது என்பதை அவ்விலாகாவின் தலைமைப் பீடத்திலிருந்தே எடுத்துரைத்தவர் அவர் என்பதையும் மறத்தலாகாது. அன்று தோற்ற அக்கருத்தையே, நூறாண்டு கழித்து, மக்கள் பங்கேற்கும் வனப் பரிபாலனம் என்ற பெயரில் உலக நாடுகள் பலவும் மேற்கொண்டன.

கோயிற் காடுகள்

நம் சமயத்தார் மகிழத்தக்க செய்தியொன்றும் அவர் எழுத்துக்களில் உண்டு. இந்தியாவின் மாகாணங்களில் சுற்றியபொழுது, ஏறக்குறைய எங்கும் தெய்வத்தின் பெயரால் கோடரி படாது காக்கப்பட்ட சிறு காடுகளை அவர் கண்டார். காசி மலைகளிலும், தேவரகாடு என வழங்கும் குடகு நாட்டுக் காடுகளிலும், தமிழகத்துச் சேலம் மாவட்ட மலைகளிலும் இத்தகைய புனித வனங்கள் இருந்ததை ஓய்வு பெற்றபின் எழுதியபொழுது நினைவுகூர்ந்தார். வனம் காத்தல் ஐரோப்பியர் கொண்டு வந்த புதுமை என்று பலர் எண்ணிய காலத்தில், இந்நாட்டுக்கும் சொந்தமான வன நெறி ஒன்று உண்டென்று அவர் எடுத்துக் காட்டினார். தலந்தோறும் ஒரு விருட்சத்தைப் போற்றும் நம்மவர்க்கு இதில் வியப்பில்லை. ஆனால் ஒரு மரத்துக்குப் பொட்டிட்டு வணங்கிவிட்டு மலையெங்கும் நிற்கும் மரங்களை மறந்துவிடுதல், அவ்வழிபாட்டின் பொருளை மறத்தலேயாகும்.

முதுமையிலும் ஆசான்

1883இல் பிராண்டிஸ் பதவியிலிருந்து ஓய்வுபெற்றுப் பான் நகர் திரும்பினார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கலாசாலையில் 1885இல் வனவியற் பிரிவு தொடங்கியபின், அம்மாணாக்கர் யேர்மன் காடுகளில் பெறும் நேர்முகப் பயிற்சியை 1888 முதல் 1896 வரை அவரே மேற்பார்த்தார். மாணாக்கரோடு காட்டில் நடப்பதும், அவர்கள் எழுதும் குறிப்பேடுகளைத் திருத்துவதும் அந்த முதியவருக்கு இன்பமாயிருந்தன.

அவரை நாடி வந்தோருள் அமெரிக்க இளைஞர் கிபர்ட் பின்ஷோவும் ஒருவர். அமெரிக்காவில் வனவியல் கற்பிக்க ஒருவருமில்லாத காலம் அது. 1889இல் ஐரோப்பா வந்த பின்ஷோவை நான்சிப் பாடசாலைக்கு அனுப்பி, என்ன படிப்பது, எங்கே பார்ப்பது என்றெல்லாம் வழிகாட்டினார் பிராண்டிஸ். அப்பின்ஷோவே 1905இல் அமெரிக்க வன சேவையின் முதல் தலைவரானார். யேல் சர்வகலாசாலையில் 1900இல் தோன்றிய வனக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய கிறேவ்ஸ், 1898இல் பில்ற்மோர் வனப் பாடசாலையைத் தொடங்கிய ஷெங்க் ஆகியோரும் அவர் வழிகாட்டலைப் பெற்றவர்களே. பர்மாவில் யானைமேல் இருந்து மூங்கிலில் வைத்த வெட்டு, அமெரிக்கச் சர்வகலாசாலை வரை எட்டிய விதம் இது.

நூலாசிரியராகவும் அவர் உயர்ந்து நின்றார். ஸ்டூவர்ட் என்ற அறிஞர் தொடங்கி வைத்த, வடமேற்கு மற்றும் மத்திய இந்திய வனத் தாவரங்கள் பற்றிய நூலை நிறைவு செய்து 1874இல் வெளியிட்டார். இந்திய மரங்கள் பற்றிய பெருநூலை 1906இல், தம் 82ஆம் வயதில், வெளிக்கொணர்ந்தார். வேத்தியற் சங்கத்தின் அங்கத்துவம் 1875இலும், சேர் பட்டம் 1887இலும் அவரை அடைந்தன. பிராண்டிசியா என்ற தாவரப் பேரினமும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பெருநூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1907 மே மாதம் 28ஆந் திகதி, பிறந்த ஊராகிய பான் நகரிலேயே அவர் காலமானார்.

நம் மலைநாடும் நம் இளைஞரும்

பிராண்டிஸ் இலங்கைக் காடுகளை நிருவகித்தவரல்லர். ஆயினும் அவர் காட்டிய நெறி இங்கும் வந்து சேர்ந்தது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரிய காணிகளாயின. பின் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன. சிங்களக் கிராமத்தவரும், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த நம் முன்னோரும், பிறர் ஏவலின்படி அக்காடுகளை வெட்டி வீழ்த்தினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. போன காடு மீளவில்லை. 1873இல் கியூ தாவரப் பூங்காவின் அதிபர் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று அறிவுறுத்தினார். இந்திய வன இலாகாவைச் சேர்ந்த வின்சென்ட் என்பார் இங்கு வந்து ஆராய்ந்து 1882இல் அறிக்கை தந்தார். 1885இல் வனக் கட்டளைச் சட்டமும், 1887இல் வன இலாகாவும் தோன்றின. கண்டியில் தலதா மாளிகையின் பின்னே உடவத்தக்கலே நிற்பதும், நக்கிள்ஸ் உள்ளிட்ட மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும், எஞ்சியதைக் காத்ததன் பயன்களே.

காட்டை இழந்த சரிவின் விலையை இன்று கொடுப்பவர் யார்? 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. மண்ணுக்குள் மறைந்தவர்கள் நம் தோட்டத்து மக்களே. மண்சரிவுக்குக் காரணம் பல உண்டு: பெருமழை, பாறையின் தன்மை, நீர் வடிய வழியின்மை, வீடு அமைத்த இடம். இவற்றுள் எது எவ்விடத்தில் எத்துணை வலியது என்று முன்கூட்டி அறிந்து சொல்ல, மண்ணையும் மரத்தையும் நீரையும் ஒருங்கே கற்றவர் வேண்டும். அத்தகையோர் அந்த லயன்களிலிருந்தே தோன்றினால், எச்சரிக்கை மக்களின் மொழியிலேயே அவர்களை அடையும்.

அதற்கான வழிகள் நம் நாட்டிலேயே உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சூழல் விஞ்ஞானத்துக்குமெனத் தனித்துறை இருக்கிறது. நமக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தாவரவியலும் விவசாய விஞ்ஞானமும் கற்கலாம். நுவரெலியாவில் வன உத்தியோகத்தரைப் பயிற்றும் நிறுவகம் உண்டு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் நம் தம்பி தங்கையர், வைத்தியத்துக்குச் சில புள்ளிகள் குறைந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று சோர்வதைக் காண்கின்றோம். மனித உடலுக்கு வைத்தியர் வேண்டும். மலையின் உடலுக்கும் வைத்தியர் வேண்டும். இரண்டாவது வைத்தியம் முதலாவதற்கு இளைத்ததன்று.

இத்துறையில் புகுவோர் பிராண்டிஸின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. கண்ணாற் கண்டு எண்ணாத வரை காட்டைப் பற்றிப் பேசாதிருத்தல் ஒன்று. வட்டியை மட்டும் உண்டு முதலைக் காத்தல் மற்றொன்று. காட்டில் வாழும் குடியானவனை முதலில் ஆசானாகவும் பின் துணைவனாகவும் கொள்ளுதல் மூன்றாவது. முதலிரண்டையும் கலாசாலை கற்றுத் தரும். மூன்றாவதை, சேனைக்காரரும் ஏலக்காய்த் தோட்டத்தாரும் தேயிலைத் தொழிலாளரும் அருகருகே வாழும் இத்தும்பறைப் பள்ளத்தாக்கில் பிறந்த இளைஞர், வேறெவரையும்விட எளிதிற் கற்றுக்கொள்வர். அவர்களுள் ஒருவரேனும் இவ்வாண்டு அத்துறையை விரும்பித் தெரிவாராயின், விக்டோரியாவின் நீரும் அதற்கு மேலுள்ள மலையும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கும்.